நில்லு என்றால் நிற்காத குதிரை

முதலாளிக்கு அந்த யோசனையைச் சொன்னவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். உப்பளத்துக்குள் ஜீப் புதைகிறது, சைக்கிளை உப்புக் காற்று ஒரே வருடத்தில் தின்றுவிடுகிறது, அதனால் கணக்கப்பிள்ளை குதிரையில் போகட்டும் என்று முடிவாயிற்று. கணக்கப்பிள்ளை நான்தான். எழுபதுகளின் நடுவில், படிப்பை முடித்த கையோடு நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தவன். குதிரையோடு எனக்கு அதுவரை இருந்த பழக்கம், ஜட்கா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து போனது மட்டுமே.

வாங்கி வந்ததும் ஒரு ஜட்காக் குதிரையைத்தான். வருடக்கணக்காக ரயில் ஸ்டேஷனில் சவாரிக்கு நின்ற குதிரை. ரயில் கூவுவது காதில் விழுந்தால் போதும், மற்ற வண்டிகளை முந்திப் போய் நிற்க வேண்டுமென்று ஸ்டேஷனைப் பார்த்துப் பிய்த்துக்கொண்டு ஓடும். முதுகில் இருப்பவன் எங்கே போக வேண்டும் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லகானை இழுத்தால் இன்னும் வேகம் கூடும். எங்கள் அளத்தை ஒட்டியே தண்டவாளம் போயிற்று. வாரத்துக்கு இரண்டு முறையாவது ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். போர்ட்டர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். எரிச்சலில் எனக்கு அழுகை வந்துவிடும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், கிழக்கே கடலுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாரி எடுத்த உப்பு ஆறு அம்பாரமாகத் திறந்து கிடந்தது. மழைக்கு முன் எல்லாவற்றையும் ஓலை போட்டு மூடியாக வேண்டும். "உப்பு கரைஞ்சா ஒம்ம வேலயும் கரைஞ்சிரும், பாத்துக்கிடும்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த அவசரத்தில், வரப்பில் தடுக்கி ஓலைப்பெட்டியோடு உப்பைக் கொட்டிவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். "ஏளா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" அவளுக்கு என் அம்மா வயது இருக்கும். பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தாள். அவள் பின்னால் அளத்தில் வேலை செய்த அத்தனை பேரும் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு ஊரைப் பார்த்து நடந்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது.

குதிரையில் ஏறித் துரத்தினேன். எப்படியாவது அவர்களை மறித்துத் திருப்பிக் கூட்டி வர வேண்டும். ரோட்டில் அவர்களை நெருங்கும் நேரம் பார்த்து மதிய ரயில் கூவியது.

அவ்வளவுதான். குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டது. "நில்லுலே! நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கூட்டத்தின் நடுவில் பறந்தேன். தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்ற ஒருவர் கேட்டார்: "நாங்க நிக்கத்தான செய்யுதோம்? நீருதான் ஓடுதீரு!" பின்னால் எழுந்த சிரிப்பு வெகு தூரம் கேட்டது. மானம் கப்பலேறிற்று என்பார்கள். எனக்குக் கப்பல்கூட இல்லை, தோணியில் ஏறிற்று.

ஸ்டேஷன் வாசலில் குதிரை வழக்கமான இடத்தில் தானாகவே நின்றது. அதை விற்ற வண்டிக்காரர் அன்று அங்கே வேறொரு குதிரையோடு இருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன். "சனியனப் பிடிச்சி எங்க தலையில கட்டிட்டீரே! நில்லுன்னு சொன்னா நிக்கவே மாட்டேங்கு."

அவர் பீடியைப் பல்லிலிருந்து எடுத்தார். "நில்லுன்னு நான் அதுகிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே. வண்டியில இருக்க ஆளுகளப் பாத்து எறங்குங்கம்பேன். அது தானா நின்னுக்கிடும்."

இத்தனை மாதம் 'லே' போட்டு நான் கத்திய கத்தெல்லாம் வீண். நம்பிக்கை இல்லாமல்தான் திரும்பினேன். முதல் தூறல் விழத் தொடங்கியிருந்தது. வழியில் எதிரே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் வாயைத் திறப்பதற்குள் ஸ்டேஷனில் என்ஜின் மறுபடி கூவியது. குதிரை சட்டென்று திரும்பி நாலு கால் பாய்ச்சலுக்குத் தயாரானது. வேறு வழியில்லாமல், "எறங்குங்க! எறங்குங்க!" என்று அலறினேன்.

இரண்டே எட்டில் நின்றுவிட்டது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அளத்தில் என்னிடம் திட்டு வாங்கிய பெண் முன்னால் வந்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"குதிரைக்கு 'ங்க' போடுதிய கணக்கப்பிள்ள. எங்களுக்குன்னா மட்டும் ஏலே, ஏளாவா?"

கீழே இறங்கினேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாங்க என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அவர்கள் நின்றார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. படித்தவன், கணக்கப்பிள்ளை, நான் போய் இவர்களிடமா என்று வீம்பு தடுத்தது. "மழை வருதுல்லா" என்று மட்டும் சொன்னேன். அதையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"வரட்டும்" என்றாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அளத்துக்குத் திரும்பித் தனியாக ஓலை சுமந்தேன். ஒரு அம்பாரத்தில் பாதியை மூடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. மற்ற ஐந்தும் என் கண் முன்னால் பள்ளம் பள்ளமாகக் கரைந்து பாத்தியில் ஓடின. முதலாளி மறுநாளே கணக்கு முடித்து அனுப்பினார். அவரையும் குதிரையையும் பல வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர்கள் வந்திருப்பார்கள்.