குருவிக்கு விட்ட மூலை

வருடா வருடம் என் பழைய மாணவி செல்வி கொடுத்தனுப்பும் சாமை இந்த முறை வரவில்லை. கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்துத்தான் நேற்று கஞ்சி வைத்தேன். அது கொதித்து வந்த மணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது அரூரில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பறை. அடுப்படியில் நிற்கிறவளுக்கு இப்படியும் நினைவு வருமா என்று நீங்கள் சிரிக்கலாம்.

அங்கே ஒரு கல்லூரியில் தத்துவம் எடுத்துக்கொண்டிருந்தேன். சுற்றுச்சூழல் தத்துவம் என்று புதிதாக ஒரு பாடம் வந்தது. வேறு யாரும் முன்வராததால் என் தலையில் விழுந்தது. முதல் நாளே கரும்பலகையில் பந்தாவாக எழுதினேன்: 'உலகத்தில் ஒரு மனிதர்கூட இல்லாமல் போனால், இந்த மலைக்கு மதிப்பு உண்டா?' நானே கண்டுபிடித்த கேள்வி மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொண்டேன்.

மின்விசிறி அனலை வாரி இறைத்தது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். சித்தேரி மலையிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி மட்டும் எழுந்தாள்.

"உண்டுங்க மேடம். எங்க கொல்லைக்காட்டுல சாமை அறுக்கறப்ப ஒரு மூலைய அப்படியே வுட்டுருவோம். அது குருவிங்களுது. நாம இல்லன்னாலும் அதுங்களுக்கு மலை வேணுமில்லீங்களா?"

அந்த மூலையைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு அறுவடைக்கு அவளோடு பஸ்ஸில் மலையேறினேன். வளைவுகளில் வாந்தியெடுத்ததைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். அறுத்துக்கொண்டே வந்தவர்கள் அந்த மூலைக்கு வந்ததும் அரிவாளைத் தாழ்த்தித் திரும்பிக்கொண்டார்கள். நாங்கள் வரப்பேறுவதற்குள் குருவிகள் இறங்கிவிட்டன. அந்தக் கூச்சலில் செல்வியின் அப்பா பேசியது காதில் விழவில்லை. "கொஞ்சமாச்சும் பொறுக்குதுங்களா பாருங்க!" என்று மறுபடி கத்தினார்.

கஞ்சியை இறக்கிவிட்டுச் செல்விக்குப் போன் செய்தேன். கொல்லையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"மழையே இல்லீங்க மேடம். வெயில்ல கதிரெல்லாம் பதராப் போச்சு. ஓடையோரத்துல அந்தக் குருவி மூலை மட்டுந்தான் மணி புடிச்சுது. வெதைக்காச்சும் அறுத்துக்கலாம்னேன். அது நம்முளுது இல்லன்னுட்டாரு அப்பா."

"குருவியாவது தின்னுச்சா?"

"ஒண்ணுகூட வரலீங்க. எல்லாம் உதிர்ந்து மண்ணோட போச்சு. அப்பா தெனமும் வரப்புல போயி நின்னுட்டு நின்னுட்டு வராரு."

மனிதர் இல்லாத மலையைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்தவள்தான் நான். குருவி இல்லாத மலையை நினைக்கவே பயமாக இருந்தது. வரும் வருடத்துக்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"குச்சிக்கெழங்குதான் மேடம், மரவள்ளி. அதுக்கு மூலை வுட வேண்டியதில்ல."