கைராசிக்காரியின் நெற்றி

வாடிக்கையாளர்களின் தலையை மாதம் ஒருமுறை படமெடுத்து வைப்பது என் வழக்கம். அதே நாற்காலி, அதே ஜன்னல், காலை வெளிச்சம், நடு வகிடு. முடி அடர்த்தியாகியிருக்கிறதா என்று சும்மா பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முந்தைய மாதப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வேன். போன குளிர்காலத்தில் புதுக் கைப்பேசி வாங்கியபோது, கேமராவைச் சோதிக்க நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் உதவியாளரை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். பழைய கைப்பேசியை வாங்கிய நாளிலும் அதேபோல் ஒரு படம் எடுத்திருந்தோம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். என் நெற்றி ஒரு விரல் அகலத்துக்கு மேலே ஏறியிருந்தது.

ஜனக்புரியில் எங்கள் தரைத்தள வீட்டின் முன்னறைதான் என் பார்லர். கல்யாணமாகி மதுரையிலிருந்து தில்லிக்கு வந்தபோது மத்திய அரசுத் தேர்வு எழுதுவதாகத்தான் திட்டம். எதிர்வீட்டுப் பெண் சிக்குப் பிடித்த தலையோடு அழுதுகொண்டு நின்ற ஒரு மத்தியானம், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி அதை எடுத்துவிட்டேன். எழுந்தபோது விளக்குப் போடுகிற நேரம். பசிகூடத் தெரியவில்லை. அடுத்த மாதம் தேர்வுப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டு, முடி வெட்டவும் பராமரிக்கவும் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தேன்.

வெட்டுவது, பின்னுவது எல்லாம் செய்வேன் என்றாலும் என் பெயர் பரவியது எண்ணெய்க் குளியலால்தான். இங்கே குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிடும், அதனால் அந்த மாதங்களில் நல்லெண்ணெய். அடுப்பில் நேராக வைக்க மாட்டேன், கிண்ணத்தை வெந்நீரில் இறக்கிச் சூடேற்றுவேன். சீயக்காயோடு பூந்திக்கொட்டை, வெந்தயம், காய்ந்த செம்பருத்தி. போர்வெல் உப்புத் தண்ணீரில் முடி விறைத்துப் போகும் என்பதால் கடைசி அலசலுக்கு ஃபில்டர் தண்ணீர். ஒவ்வொரு தலைக்கும் எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்துப் பார்த்து அளவை மாற்றுவேன். நான் கணக்கு என்று நினைத்ததை வந்தவர்கள் கைராசி என்றார்கள். "அவ கை பட்டா முடி வளரும்" என்று லக்ஷ்மிபாய் நகரிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்தார்கள். நான் மறுத்ததில்லை. கேட்க இதமாகத்தான் இருந்தது.

நெற்றி ஏறியது என் கண்ணில் படுவதற்கு முன்பே மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நானாகப் பேச்செடுத்ததும் ஆளுக்கொரு வைத்தியத்தை அவிழ்த்துவிட்டார்கள்.

"சின்ன வெங்காயச் சாறு தடவிப் பாருங்க. அரைச்ச உடனே தடவணும், வெச்சிருக்கக் கூடாது" என்றார் ஒரு பள்ளி ஆசிரியை.

"தீதி, கறிவேப்பிலையை எண்ணெய்ல போட்டுக் கருக விடக் கூடாதாம், நிறம் மாறினதும் இறக்கிடணுமாம்" என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் ஹிந்தியில் விளக்கினாள்.

"மனசை லேசா வெச்சுக்கணும். டென்ஷன்ல தான் கொட்டும்" என்றார் வங்கியில் வேலை பார்க்கும் இன்னொருவர், கண்ணை மூடிக்கொண்டு, என் கை அவர் உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

எல்லாம் நான் அவர்களுக்குச் சொன்னவை. வார்த்தைகூட மாறவில்லை. என் உதவியாளர் விழுப்புரம் பக்கத்துப் பெண், வாய்க்குப் பூட்டுக் கிடையாது. துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சீட்டு எழுதிக் குடுத்தீங்க இல்ல, இப்ப மொத்தமும் உங்க வாசலுக்கே வருது. அடுத்து யாராச்சும் உங்க எண்ணெயையே உங்களுக்கு விக்கப் போறாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

சிரித்தேன். ஆனால் அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கெனவே முறையாகச் செய்து பார்த்திருந்தேன். ஒன்றை ஆரம்பித்தால் இன்னொன்றைக் கலக்காமல், தனித்தனியாக. ஜன்னலோரம் எடுத்த படங்களில் நெற்றி இறங்கவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை இறக்காமலே, "எனக்கு முப்பத்தஞ்சு வயசுலேயே போச்சு. யாராவது வந்து கேட்டாங்களா?" என்றார்.

"நீங்க பார்லர் நடத்தலையே."

அதற்குப் பிறகு செய்தித்தாளை இறக்கினார். மறுநாள் தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கியது அவர்தான்.

மருத்துவர் சின்னப் பெண். ஒரு கருவியை நெற்றியோரமாக நகர்த்தி, திரையில் தெரிந்ததை எனக்கும் காட்டினாள். முடி இருந்த இடத்தில் வழவழப்பான வெள்ளைத் தோல், ஒரு துளைகூட இல்லை. பிறகு ஈரப் பஞ்சால் என் புருவத்தைத் துடைத்தாள். "ஆன்ட்டி, புருவமும் பாதி போயிருக்கே. கவனிக்கலையா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

தினமும் பென்சிலால் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். நாளுக்கு நாள் கொஞ்சம் அதிகமாக வரைந்திருக்கிறேன், அவ்வளவுதான் கவனித்தேன்.

வேர் இருந்த இடம் தழும்பாகிவிட்டது, அங்கே இனி முளைக்காது, மாத்திரையும் ஊசியும் மிச்சத்தைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம் என்றாள். எதனால் வந்தது என்று கேட்டேன். சரியாகத் தெரியாது என்றாள். எண்ணெய் வைப்பதாலா என்று கேட்டேன்.

"வெச்சாலும் ஒண்ணுதான், வெக்கலேன்னாலும் ஒண்ணுதான்."

கெடுதல் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். நிறுத்துவது ஒரு காரியம். செய்ய எதுவும் இல்லை என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், மெட்ரோவில் நின்றபடியே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

அதற்குப் பிறகும் வேலை குறையவில்லை. வெட்ட வந்தார்கள், சாயம் பூச வந்தார்கள். எண்ணெய்க் குளியலுக்கு வருவதை மட்டும் ஒருவர் ஒருவராக நிறுத்தினார்கள். குளிர் என்றார்கள், சைனஸ் என்றார்கள். முன்னாலெல்லாம் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்ப்பார்கள். இப்போது அவர்கள் பார்வை கொஞ்சம் மேலே போய் என் நெற்றியில் தங்கிவிட்டு இறங்கும். நெற்றியை மறைக்க அகலமான துணிப்பட்டை ஒன்றைத் தலையில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். கட்டியதும் பார்வை இன்னும் அதிகமாகத் தங்கியது.

என் வாடிக்கையாளர்களில் மிகப் பழையவர் ஓர் அக்கா. திருச்சிக்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மகளின் தலைக்கு அவளுடைய பள்ளிக்கூட நாட்களிலிருந்தே எண்ணெய் தேய்த்தவள் நான். இடுப்பைத் தாண்டிய முடி. அந்தப் பெண்ணுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாயிருந்தது. அவர்கள் வீட்டில், முகூர்த்தத்தன்று காலையில் மணப்பெண்ணை மணையில் உட்காரவைத்து, சுமங்கலிகள் வரிசையாக வந்து அருகம்புல்லை எண்ணெயில் தொட்டுத் தலையில் வைப்பார்கள். பிறகுதான் குளியல். முதல் எண்ணெய் நான்தான் வைக்க வேண்டும் என்று அக்கா நிச்சயதார்த்தத்தின்போதே எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார். உறவுக்காரர்கள் அத்தனை பேர் இருக்க, எனக்கு அப்படி ஓர் இடம். அதற்காகப் பட்டுப் புடவைகூட எடுத்துவைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அக்கா பார்லருக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. முடி தான்."

"அதான், பாத்தேன்." கொஞ்ச நேரம் அலமாரியில் இருந்த எண்ணெய் பாட்டில்களைப் பார்த்தார். "அன்னிக்கு உனக்கு வேலை ஜாஸ்தி இருக்கும். அலங்காரம், சடை, எல்லாம் நீதானே. எண்ணெய் வெக்கிறதை என் நாத்தனார் பாத்துக்குவா. நீ குளிப்பாட்டிப் பின்னி விட்டாப் போதும்."

"சரிக்கா."

"தப்பா எடுத்துக்காதே. பெரியவங்க சொல்றாங்க."

அவர்கள் வீட்டில் அவரை விடப் பெரியவர்கள் யாரும் இல்லை. "அதுல என்னக்கா இருக்கு" என்றேன். அவர் போனதும் உதவியாளர் சொன்னாள்: "மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொல்லிட்டுத்தானே போறாங்க."

அவரிடம் என்ன சொல்லியிருக்க முடியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். இது தொற்றாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கே தெரியும், படித்தவர். கைராசி என்று ஒன்று இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் இத்தனை வருஷம் அவர் என்னைத் தேடி வந்தது எதற்கு என்றாகிவிடும்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மண்டபத்துக்குப் போனேன், பருத்திப் புடவையில். சடங்கு நடந்த அறையின் ஓரத்தில் துண்டு, சீயக்காய், ஃபில்டர் தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் முதலில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராக. கடைசியாக வைத்தவர் எழுந்ததும் மணப்பெண் என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நீங்க வெக்கல? ஆவோ நா, எனக்கு குளிருது, ஜல்தி வாங்க."

அவளுக்கு எதுவும் தெரியாது. இங்கே பிறந்து வளர்ந்த பெண், சடங்கில் பாதி ஏன் என்றே அவளுக்குப் புரிந்திருக்காது. எண்ணெய் வைக்க மாட்டேன் என்று நான் சொன்னால் அது அந்த இடத்தில் அபசகுனம். வைத்தாலும் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். அக்காவைப் பார்த்தேன். அவர் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தட்டில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

போய் உட்கார்ந்தேன். அருகம்புல்லைத் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் எண்ணெயை வழித்துவிட்டு, அவள் தலையில் பட்டும் படாமல் வைத்தேன். என் கையில் இத்தனை வருஷத்தில் அத்தனை குறைவான எண்ணெய் இருந்ததில்லை.

பிறகு குளியலறை. அவள் குனிந்து உட்கார்ந்தாள், நான் சீயக்காயைத் தேய்த்தேன். அக்கா வந்து கதவருகில் நின்றார். முதல் அலசலில் விரலிடுக்கில் முடி வந்தது. ஏற்கெனவே உதிர்ந்து பின்னலில் அடைந்து கிடந்த முடி எண்ணெய்க் குளியலில் கழன்று வருவது எல்லாத் தலையிலும் உள்ளதுதான். நீளமான முடி, அதனால் பார்வைக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். வேறு யார் வீட்டிலாவது என்றால் கையை விரித்துக் காட்டி அதைச் சொல்லியிருப்பேன்.

"நிறையக் கொட்டுதா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"ஒண்ணுமே இல்லக்கா. நீங்க போய் வாசல்ல வர்றவங்களைப் பாருங்க."

அவர் போகவில்லை. "தூக்கம் வருது ஆன்ட்டி, சூப்பரா இருக்கு" என்றாள் அந்தப் பெண், கண்ணை மூடியபடி. வந்த முடியை இடது உள்ளங்கையில் சுருட்டி விரல்களை இறுக மூடிக்கொண்டேன். மிச்சத்தை வலது கையால் மட்டும் அலசினேன்.