பேனரில் சிரித்த முகம்

நான் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை டாக்டர். கட்டியை மட்டும் குறிவைத்துத் தாக்கும் புரோட்டான் சிகிச்சையை சென்னையில் ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்தேன், வெறுமனே பார்த்ததுதான். அதைச் செய்ய எங்களிடம் இல்லாத பெரிய இயந்திரமும் நீண்ட பயிற்சியும் வேண்டும். நான் திரும்புவதற்குள் வாசலில் என் படத்தோடு பேனர் கட்டிவிட்டார்கள்: ‘புரோட்டான் சிகிச்சை நிபுணர்’.

மறுநாளே ஒரு மீனவர், மூளைக்கட்டி இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பேனரப் பாத்தோம் டாக்டரம்மா. இங்கியே பண்றீங்கன்னு, சென்னையில குடுத்த தேதிய வேணாம்னு சொல்லிட்டோம்.”

உடனே சென்னைக்கு போன் செய்து கெஞ்சி அந்தத் தேதியைத் திரும்ப வாங்கினேன். மேனேஜரிடம் போய்க் கத்தினேன்.

“ஊர்ல எல்லாருந்தான் பேனர் வைக்கிறாங்க, இதுல என்னா மேடம்?” என்றார்.

நானே இறங்கிப்போய்க் கயிற்றை அறுத்தேன். தரையில் விழுந்தும் என் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. இப்போதும் ஊரில் எந்த பேனரில் யார் சிரித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.