ஐந்தாவது மாதம்

“என் ஃபாரத்துல நான் எழுதின பேரை அடிக்கிறதுக்கு இந்த அமெரிக்காவுல ஒருத்தன் பொறக்கல.”

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் எங்கள் நெப்ராஸ்கா ஊர் நூலகத்தில் லைல் கூபிசெக் இதைப் பிரகடனம் செய்துவந்தார். ஊராருக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் தொண்டர்களின் தலைமைப் பீடம் அவருடையது. அதாவது ஜெராக்ஸ் மெஷினை ஒட்டிய நாற்காலி. மனைவியின் பெயர் படிவத்திலிருந்து போனது மரணத்தால். மரணம் அமெரிக்காவில் பிறந்ததல்ல என்பதால் பிரகடனத்துக்குச் சேதமில்லை.

மிஞ்சியது ஒரே பெயர். மகள் டெலனி, வயது இருபது, லிங்கன் நகரில் கல்லூரி மாணவி, தந்தையைச் சார்ந்திருப்பவர். அவள் படிப்புக்கான வரிச் சலுகையையும் கேட்டு இந்த ஆண்டுப் படிவத்தை லைல் கணினி வழியே அனுப்பினார். கல்லூரி தந்த சீட்டில் பாதி ஆண்டுக் கட்டணமே இருந்தது. கல்லூரிக்குக் கூட்டத் தெரியவில்லை என்று தீர்ப்பளித்திருந்தார்.

அரை மணியில் படிவம் திரும்பி வந்தது. டெலனியின் சமூகப் பாதுகாப்பு எண் வேறொருவர் அனுப்பிய வரிப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறதாம்.

பக்கத்து மேசைத் தொண்டர் மார்வெட்டா, உலர்பிளம் வைத்த கொலாச்சி ரொட்டியைக் கடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

“என்ன லைல், உன் பொண்ண யாராவது தத்தெடுத்துட்டாங்களா?”

“கம்ப்யூட்டர் கோளாறு.”

“அப்ப அவளுக்கே ஒரு போனைப் போடேன், மேதாவி.”

புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்று போட்டார்.

“நான்தான்ப்பா எனக்குன்னு தனி ஃபாரம் அனுப்பினேன். என்னை யாரும் அவங்க ஃபாரத்துல சேத்துக்க முடியாதுன்னு டிக் பண்ணினேன்.”

“அது தப்பான கட்டம்மா.”

“சரியான கட்டம்தான். படிப்பை விட்டுட்டேன்ப்பா. ஒரு கிடங்குல வேலை. வாடகை, சாப்பாடு எல்லாம் நானே பாத்துக்கறேன். நவம்பர்ல வான்கோழி விருந்தன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க பக்கத்து வீட்டுக்காரரோட ரசீதைப் பிரிச்சிட்டிருந்தீங்க.”

லைலுக்குக் கோபம் வரவில்லை. வேறெதுவும் கூட வரவில்லை. வந்தது ஒரு கேள்வி.

“என்னிக்கு விட்ட?”

“போன வருஷம் ஏப்ரல் முப்பது.”

பத்தொன்பது வயதைத் தாண்டிவிட்டாலும், ஆண்டில் ஐந்து மாதம் முழுநேர மாணவியாக இருந்திருந்தால் அவள் அவருடைய படிவத்தில் இருக்கலாம். மாதத்தில் ஒரு நாள் படித்தாலும் சட்டம் அதை மாதமாகவே எண்ணும்.

“மே ஒண்ணு இல்லையே?”

“இல்லப்பா.”

“காலைல ஒரு மணி நேரம் வகுப்புக்குப் போயிருந்தாலும்...”

“போகலப்பா.”

“சரி. பனிக்கால டயர் மாத்திட்டியா?”

“அக்டோபர்லயே மாத்திட்டேன்.”

திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

“கோளாறு சரியாச்சா?” என்றாள் மார்வெட்டா.

“ம்.”

மகளின் பெயருக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். கடைசி எழுத்து போனது. அதற்கு முந்தையது போனது. மொத்தமாக அழிக்கவும் ஒரு வழி உண்டு. அதை ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.