பச்சைமலை ஊற்றுக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள்

காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்துப் பக்கம் பஸ் வந்து நின்றது. பேசி அமர்த்திய வாடகை பஸ். தலைக்கு இரண்டு ரூபாய், குழந்தைகளுக்குப் பாதி. படிக்கட்டில் காதர் பாய் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களின் பைகளையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெரிய கடைவீதியில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு, ஊராரைப் பச்சைமலைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் காரியத்தைக் காலணா ஊதியமில்லாமல் தொடங்கியவர் அவர்தான். பெண்கள் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் நான் அவருக்குத் துணை.

“தண்ணி கொண்டாந்திருந்தா இங்கேயே குடிச்சிட்டு ஏறுங்க. மலையில தண்ணி இருக்கு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாகத்தோடு மலையேறி அங்கேதான் குடிக்கவேண்டும் என்ற இந்த விதி சும்மா வந்ததில்லை. முந்தைய நடைகளில் அண்டா அண்டாவாகப் புளியோதரையும், பானையில் தண்ணீரும், உட்கார ஜமக்காளமும் சுமந்துபோய் எல்லோரையும் மாப்பிள்ளை மாதிரி உபசரித்தோம். மறுவாரம் கடைத்தெருவில் பார்த்தால், “புளியோதரை பிரமாதம் டீச்சர்” என்றார்கள். காட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் நாங்கள் உல்லாசப் பயணம் நடத்தவில்லை. பச்சைமலையின் ஒரு சரிவைக் கூப்பு என்று பிரித்து, மரங்களை வெட்டிக்கொள்ள ஏலம் விடப்போகிறார்கள். அந்தச் சரிவில்தான் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. கீழேயுள்ள மலைவாசிகளின் சிற்றூருக்குக் குடிக்க வேறு தண்ணீர் இல்லை. துறையூரில் வன அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். “ஆட்சேபம் உங்க ரெண்டு பேருக்குத்தானா? ஊர்ல வேற யாரும் கேட்கக் காணோமே” என்றார். வருகிற வியாழக்கிழமை ஏலம். அதற்கு முன் இதுதான் கடைசி ஞாயிறு.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றபோது வரதாச்சாரி ஏறினார். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் பித்தளைக் கூஜா. காதர் பாய் கூஜாவைப் பார்த்தார்.

“சாமி, தண்ணி வேணாம்னு சொல்லியிருந்தோமே.”

“கண்ட இடத்து ஜலம் நான் சாப்பிடறதில்லை பாய். இது காவேரி தீர்த்தம். அப்புறம் இன்னொண்ணு, இப்பவே சொல்லிடறேன். காட்டைச் சேவிக்க வரேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை வந்து பேசுன்னு யாரும் என்னைக் கேக்கப்படாது. ரிடயராக ஆறே மாசம் இருக்கு. பென்ஷனுக்கு வேட்டு வெச்சுடுவா.”

மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாததை அவர் சொன்னார், அவ்வளவுதான். வாத்தியார்கள், பாங்கிக்காரர்கள், ஜவுளிக்கடைக் குடும்பங்கள் என்று பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். வியாழக்கிழமை என்ற பேச்சை எடுத்தாலே எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்தது. மண்ணச்சநல்லூர் வழியாக, இருபத்தெட்டு மைல் ஓடி, ஏழரைக்குத் துறையூர். அங்கே இட்லி, காபி. பிறகு பத்து மைல் போல் போனால் அடிவாரத்துச் சோபனபுரம். எட்டே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினோம்.

பாதை முதலில் முள்ளும் கல்லும்தான். வெயில் அப்போதே முதுகில் அறைந்தது. ஒரு மணி நேரம் ஏறிய பிறகு நிழல் வந்தது. கடுக்காய் மரங்களைக் காட்டினேன். வேங்கை மரத்தைக் கீறினால் சிவப்பாகப் பால் வடியும் என்று சொன்னேன். ஜவுளிக்கடை அம்மாள் உடனே பட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஆனால் யாருக்கும் அதிக நேரம் மரத்தில் மனம் நிற்கவில்லை. நாக்கு உலர்ந்துவிட்டது. என் மாணவிகள் வரதாச்சாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே, கூஜாவை உயரத் தூக்கி, குவித்த கைகளில் ஊற்றினார். பின்னால் வந்தவர்களும் கை நீட்டினார்கள். கூஜா காலியானது. தனக்கு ஒரு வாய் வைத்துக்கொள்ள அவர் மறந்தே போனார்.

பத்தரைக்குச் சரிவின் வாயிலுக்கு வந்து சேர்ந்தோம். மரங்களில் பட்டையைச் செதுக்கி, தாரில் எண் எழுதியிருந்தார்கள். என் கண்ணுக்கு எட்டியவரை கறுப்பு எண்கள். பாதைக்குக் குறுக்கே புதிதாக ஒரு மூங்கில் தடுப்பு. அதன் பின்னால் தடியும் கையுமாக ஒரு காவல்காரன். இந்தப் பக்கம், வெறும் குடங்களோடு மலைவாசிப் பெண்கள் நாலைந்து பேர்.

“உள்ள போகக்கூடாது. இது எங்க மொதலாளியோட கூப்பு” என்றான் காவல்காரன்.

எங்களுக்கு முன்பே பழக்கமான பொன்னம்மாள் அந்தப் பெண்களில் இருந்தாள். “காலையிலேருந்து நிக்கிறோம் டீச்சரு. தண்ணி எடுக்க விடமாட்டேங்கறான். சுத்துப் பாதையில போய் வரச் சொல்றான். பொழுது சாஞ்சிரும்” என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காதர் பாய் முன்னே போய்ப் பொறுமையாகவே பேசினார். அவன் தடியைத் தட்டினான். “கூட்டம் சேர்த்துக்கிட்டு வந்தீங்கன்னு ஆபீசர்கிட்ட சொல்லிடுவேன். எல்லார் பேரும் ஆபீசுக்குப் போயிடும். கவர்மெண்டு உத்தியோகம் பாக்கறவங்க யாராச்சும் இருந்தா இப்பவே திரும்பிப் போயிடுங்க.”

எங்கள் கூட்டம் ஓரடி பின்வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். சரி, தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அப்போது வரதாச்சாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தடுப்பருகே வந்தார். தாகத்தில் குரல் கரகரத்தது.

“ஏம்ப்பா, ஏலம் என்னிக்கு?”

“வியாழக்கிழமை.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“ஞாயித்துக்கிழமை.”

“வியாழக்கிழமை ஏலம் விடப்போற காடு, ஞாயித்துக்கிழமையே உங்க மொதலாளிக்கு எப்படிச் சொந்தமாச்சு?”

முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனிதருக்கு, தான் கேட்ட கேள்வியின் கனம் அப்போதுதான் புரிந்தது. பிறகு அவருக்கு வந்தது பாருங்கள் கோபம்! என் கோபமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

“முன்கூட்டியே பேசி முடிச்சாச்சா? அப்ப ஏலம்னு எதுக்கு ஒரு கூத்து? ஆபீசர்கிட்ட சொல்றயா, சொல்லு! என் பேர் வரதாச்சாரி. ஸ்ரீரங்கம், சித்திரை வீதி. நீ மறந்துட்டேன்னா பரவாயில்லை, வியாழக்கிழமை நானே வந்து சொல்றேன்!”

“என் பேரையும் சொல்லு” என்றார் ஜவுளிக்கடை அம்மாள். பாங்கிக்காரர் தன் பேரைக் கத்தினார். என் மாணவிகள் அப்பா பெயரோடு சேர்த்துக் கத்தினார்கள். இந்தக் களேபரத்தில் பொன்னம்மாளும் மற்றப் பெண்களும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மூங்கிலைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். காவல்காரன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீடி பற்றவைத்தான். பாவம், அவனுக்கும் கூலிதான்.

ஊற்று ஒரு வேங்கை மரத்தின் வேரடியில் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கை அகலத்துக்குப் பாறைப் பிளவு, அதிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர். பொன்னம்மாளின் ஊர் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். பெண்களுக்குத்தான் முதலில் விட்டோம். குடங்கள் நிறையும்வரை ஒரு பஸ் கூட்டமும் காத்திருந்தது. அப்புறம் வரதாச்சாரி குனிந்து, இரண்டு கைகளாலும் அள்ளிக் குடித்தார். ஒருவரும் அவரைக் கேலி செய்யவில்லை. அந்த வேங்கையிலும் தார் எண் இருந்தது.

மாலை ஆறு மணிக்குக் கொள்ளிடப் பாலம். காவிரிக் கரையில் குடியிருக்கிற நாம், கதவைத் திறந்தால் தண்ணீர் என்றே வளர்ந்தவர்கள். ஒரு நாள் ஒரு குடத்துக்காக மூங்கிலுக்கு வெளியே நின்றால்தான் உறைக்கிறது. பஸ்ஸில் இந்த முறை யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. லீவு எப்படிப் போடுவது என்று பேசினார்கள்.

வியாழக்கிழமை துறையூர் அலுவலக வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிக்கு மேல் வந்திருந்தது. மலையிலிருந்து பொன்னம்மாளின் ஊரும் இறங்கி வந்திருந்தது. மூங்கில் தடுப்பைப் பற்றி வரதாச்சாரி அதிகாரியின் மேஜை முன்னால் நின்று சொன்னார். அதிகாரி ஏலத்தைத் தள்ளிவைப்பதாகச் சொன்னார். தள்ளித்தான் வைத்தார், நிறுத்தவில்லை. எங்களுக்கும் அது தெரியும்.

வெளியே வந்தபோது அந்தக் காவல்காரனின் முதலாளி, மரக் கான்ட்ராக்டர், தன் ஜீப்பில் சாய்ந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம்.

“எத்தனை நாளைக்கு பாய் இப்படி ஆளுங்களை மலைக்கு ஏத்திக்கிட்டே இருப்பீங்க?”

காதர் பாய் குல்லாவைச் சரி செய்துகொண்டார்.

“இதுவரைக்கும் நாலு பஸ்ஸுதாங்க கூட்டியாந்திருக்கோம். திருச்சி டவுன் முழுக்க இன்னும் பாக்கியிருக்கு.”