கயிற்றில் ஏகாம்பரத்தின் இடம்

பாதித் தெரு நடந்து வந்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பின்னால் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்து. ஊரப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் பொங்கல் விளையாட்டு. பெரியவர்களுக்கான கயிறிழுப்பில் கனத்துக்காக என்னைக் கடைசி ஆளாக நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் ஜெயித்தோம், விசில் ஊதினார்கள், எல்லோரும் கயிற்றை விட்டார்கள். நான் மட்டும் விடாமல் பின்னாலேயே போய், பரிசுச் சாமான் வைத்திருந்த மேசையோடு சரிந்தேன். எவர்சில்வர் டப்பாக்கள் உருண்டு ஓடின. "சார், விசில் ஊதியாச்சு சார்!" என்றார் செயலாளர்.

இது என் தப்பு இல்லை, ஏகாம்பரத்தின் தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய சதுரங்கப்பட்டினம் அப்படியே அதில் இருந்தது.

நான் மதுராந்தகம் பக்கம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல்பட்டில் அரிசி ஆலை, பிறகு ஒரு செங்கல் சூளை, பிறகு சதுரங்கப்பட்டினத்தில் டீக்கடை. வேலை கசந்தால் கால் தானாகக் கிளம்பிவிடும். டீக்கடையில் மட்டும் கொஞ்சம் தங்கினேன். அதற்குக் காரணம் ஏகாம்பரம். என் வயசுதான், கரைவலை இழுக்கிறவன். ராத்திரி படுக்க இடமில்லை என்று தெரிந்ததும், "எங்க வூட்ல பாய் கீது, வா மச்சான்" என்று கூட்டிக்கொண்டு போனான். அவன் அம்மா அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது இன்னாடா, சோறு தின்னுமா, மோந்து பாக்குமா?" என்று கேட்டாள். நான் தின்று காட்டினேன்.

கரைவலையைப் பார்த்திராதவர்களுக்கு: படகில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். இடுப்பில் ஒரு துண்டுக்கயிற்றைக் கட்டி, அதைப் பெரிய கயிற்றில் மாட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே பின்னால் நடக்க வேண்டும். வரிசையின் வால்முனைக்கு வந்தவன் தன்னைக் கழற்றிக்கொண்டு ஓடி, தண்ணீர் ஓரத்தில் மறுபடி மாட்டிக்கொள்வான். மீன் விழுந்த வலையின் பை மணலில் ஏறுகிற வரைக்கும் நிறுத்தக்கூடாது. ஒருமுறை ஆசைப்பட்டு நானும் பிடித்தேன். பெரிய அலை ஒன்று இழுத்தபோது பயந்து காலைத் தூக்கிவிட்டேன். எனக்குப் பின்னால் இருந்த நாலு பேரும் என்மேல் விழுந்தார்கள். "மச்சான், நீ கய்த்தத் தொடாத. நீ தொட்டா மீனு நம்பளப் புட்ச்சிகினு பூடும்" என்றான் ஏகாம்பரம். அன்றிலிருந்து எனக்குக் கயிறு விலக்கு.

எழுபதில் செங்கல்பட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. "தெனம் கிழக்கயே பாத்துகினு பின்னால நடக்கறோம். ஒரு தடவ முன்னால நடந்து பாக்கணும்டா" என்றான். துணைக்கு நானும் போனேன். எடை போதாது என்று எவனோ சொன்னதால் பஸ்ஸில் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தின்றோம். மைதானத்தில் நெஞ்சை அளக்கிறவர் என்னைப் பார்த்து, "மூச்ச இழு" என்றார்.

"இழுத்துட்டேன் சார்."

"இதுவா இழுத்த நெஞ்சு? அப்ப இழுக்காதது எங்க?"

என்னை அத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஏகாம்பரம் மூச்சை இழுத்தபோது அளவு நாடா அவர் கையிலிருந்து வழுக்கிப் போனது. அவனை எடுத்துக்கொண்டார்கள். வழியெல்லாம் ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பினோம், இரண்டு பேரும்.

கிளம்புகிற அன்று வலைக்கூட்டத்திடம், "என் எடத்த எவனுக்கும் குடுத்துடாதீங்க. முக்கியமா இவனுக்கு" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனான். வலைக்குச் சொந்தக்காரர் தணிகாசலம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கயிற்றில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விடச் சொன்னார். அந்த வெற்றிடமும் மற்றவர்களோடு சேர்ந்து மெல்லப் பின்னால் நகரும். அது வால்முனைக்கு வந்ததும் எல்லோரும் சேர்ந்து, "ஏகா, தண்ணிக்குப் போடா!" என்று கத்துவார்கள். உடனே முன்னால் புதிதாக ஒரு இடைவெளி திறக்கும். மீன் பிரிக்கும்போது அந்த இடத்துக்கும் ஒரு பங்கு விழும். அது அஞ்சலையின் கூடைக்குப் போகும். புதிதாகப் பார்க்கிறவன் இந்த ஊருக்கே பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

அவன் கடிதங்களைக் கரையில் வைத்து நான்தான் படித்துக் காட்டுவேன். 'இங்கே ரொட்டி, பருப்பு. மீன் கனவில் வருகிறது. கனவிலும் குழம்பு வைக்கத் தெரியாதவன்தான் வைக்கிறான்.' ஒரு கடிதத்தில் கயிறிழுப்புப் போட்டி. அவனுடைய கம்பெனியும் இன்னொரு கம்பெனியும். இவன் கடைசி ஆள். விசில் ஊதியது இவனுக்குக் கேட்கவில்லை, பை கரை ஏறவில்லையே! எதிரணி எட்டுப் பேரையும் தரதரவென்று சமையல் கொட்டகை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவர்களும் மானத்துக்கு அஞ்சிக் கயிற்றை விடவில்லை. 'பருப்பு அண்டா கவிழ்ந்தது. தண்டனை கொடுத்தார்கள். மறுநாளே பட்டாலியன் அணிக்கு எடுத்துக்கொண்டார்கள்' என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை நான் ஒன்பது தடவையாவது படித்திருப்பேன். தணிகாசலம் ஒவ்வொரு தடவையும் அண்டா கவிழ்கிற இடத்தில் மணலில் அறைந்து சிரிப்பார்.

ஒரே ஒரு தடவை விடுப்பில் வந்தான். தகரப்பெட்டி, பூட்ஸ். பூட்ஸோடு மணலில் இறங்கிப் பத்தடி வைப்பதற்குள் இரண்டிலும் மணல் நிரம்பி நடக்க முடியாமல் நின்றான். "சர்க்காரு சிப்பாயத் தூக்கிகினு வாங்கடா" என்று கூச்சல். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வந்திருந்தான். அஞ்சலை அதைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரைக்கும் மீன் விற்கப் போனாள். வியர்த்து ஊற்றியது. "என் புள்ள எடுத்தாந்தது. வேர்த்தா உனக்கு இன்னா?" என்று கேட்டவர்களிடம் பாய்ந்தாள். விடுப்பு முடிகிற வரை அவன் தினமும் தன் இடத்தில் நின்று கயிறு இழுத்தான். அப்போதும் விடாமல், "ஏகா, தண்ணிக்குப் போடா!" என்று கத்தினார்கள். ஓடினான், சிரித்துக்கொண்டே.

எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை. சண்டை முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று டீக்கடை ரேடியோ சொன்னது. எல்லோருக்கும் நான் இலவசமாக டீ ஊற்றி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். நாலு நாள் கழித்துக் காலையில் தந்தி வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார். பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஓட்டத் தெரியாதவர் போல அங்கேயே நின்றார்.

நடந்தது என்ன என்பது பல மாதம் கழித்து அவனுடைய கூட்டாளி எழுதித் தெரிந்தது. கிழக்கே ஒரு ஆறு. நீந்தத் தெரிந்தவன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இவன் அக்கரை போய், ஒரு மரத்தில் கட்டியிருக்கிறான். எல்லோரும் அதைப் பிடித்து ஏறி வருகிற வரைக்கும் கூடவே நின்று இழுத்துப் பிடித்திருக்கிறான். கடைசி ஆள் கரை ஏறிய பிறகுதான் விழுந்தானாம். குண்டு எப்போது பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

தந்தி வந்த அன்று எனக்கு அழத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடலோரமாக வடக்கே நடந்தேன். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் நன்றாகவே தெரிகிற தூரத்தில் வேறு ஊர்க்காரர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வால்முனைக்கு வந்தவன் கழற்றிக்கொண்டு பேசாமல் தண்ணீருக்கு ஓடினான். யாரும் யார் பேரையும் சொல்லிக் கத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்த வழியே திரும்பினேன்.

சாயங்காலம் அஞ்சலை வீட்டு முன்னால் வலைக்கூட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தது. சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் கடலில் வலை இறக்குவதில்லை என்பது அங்கே வழக்கம். இது பிணம் வராத சாவு. அங்கேயே எரித்துவிட்டார்கள். அப்படியானால் எப்போது வலை இறக்குவது? தணிகாசலம்தான் மெல்ல ஆரம்பித்தார். "அஞ்சல, நீ சொல்றப்ப எறக்கறோம். ஏகா பங்கு எப்பவும் போல வூட்டுக்கு வந்துகினே இருக்கும்."

"நாளிக்கே எறக்கு" என்றாள் அஞ்சலை. கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். "வர்றவனுக்குத்தான் எடம் வுடுவாங்க. இனிமே ஆளப் போடு."

"யாரப் போடறது?" என்றார் தணிகாசலம்.

பையோடு நின்ற என்னை அப்போதுதான் பார்த்தாள். "இதோ கீறானே."

"இவனா? இவன் தொட்டா மீனு நம்பளப் புட்ச்சிகினு பூடும்னு ஏகாவே சொல்லிகீறான்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும். அஞ்சலையும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "என் புள்ள மட்டும் கய்த்தோடயா பொறந்தான்? கத்துக்குவான். டேய், எங்க போய்க்கினு இருந்த நீ? பைய அந்தாண்ட வச்சிட்டு வந்து குந்து. பங்குல பாதி உனக்கு, பாதி எனக்கு."

ஏழு வருடம் அங்கே இழுத்தேன். நான் ஒரே இடத்தில் அதிக நாள் இருந்தது அதுதான். இப்போது அந்த மணலில் விடுதி ஒன்றின் மதில் நிற்கிறது. கரைவலை இல்லை. இஞ்சின் வைத்த படகில் நாலு பேர் போகிறார்கள், நாலு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் ஊருக்குப் போனால் அவன் இடத்தை யாரும் காலியாக வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அஞ்சலை ஆள் போடச் சொன்னதற்கு மறுநாள் காலை, துண்டுக்கயிற்றைத் தணிகாசலமே என் இடுப்பில் கட்டிவிட்டார். நான் தண்ணீர் ஓரத்திலிருந்து பின்னால் நடக்க ஆரம்பித்தேன். அலை இழுத்தது. காலைத் தூக்கவில்லை. மெல்ல மெல்ல வால்முனைக்கு வந்து சேர்ந்தேன். வாய்ப் பழக்கம், எல்லோரும் ஒரே குரலில், "ஏகா, தண்ணிக்குப் போடா!" என்று கத்திவிட்டார்கள்.

கத்தியவர்கள் கயிற்றை விடாமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கழற்றிக்கொண்டு, தண்ணீருக்கு ஓடினேன்.