மீன் எண்ணெய் தடவிய கேபிள்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் மறந்துவிடுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இதை எழுதத் துணிந்தேன். ஒரு ஒயர், அதை மாட்டுகிற பெட்டியைவிட ஏன் அதிக விலை விற்கிறது என்று நான் தெரிந்துகொண்ட கதை இது. அந்த ஒயரைக் கெடுத்தவளும் நான்தான்.

நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். வீட்டுக்காரருக்குத் தோல் பதப்படுத்துகிற டேனரியில் வேலை. நான் ஷூ கம்பெனியில், அப்பர் என்கிற ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில். தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். ஒரு நாள் காலையில் டீ டம்ளரை வாங்க நீட்டிய அவருடைய வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. டம்ளர் விழுந்தது. குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. பேச்சும் கையும் வரவில்லை. மாதம் ஒரு முறை வேலூர் பக்கம் பாகாயத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மா நல்லவர். "கட்டை விரல் திரும்புச்சுன்னாதான் கை திரும்பும். அதுக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் இவர் அதை இடது கையால் எடுத்து வீசினார். கட்டிலுக்கு அடியில் போய் அரிசி டின்னுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் அங்கேயே போனது.

பக்கத்து வீட்டுப் பாய் இவரோடு அதே டேனரியில் இருந்தவர். ரெண்டு பேரும் தோஸ்த். பந்து கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த நாள் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிவியில் விளையாடுகிற கேம். அவருடைய தம்பி சவுதியிலிருந்து வந்தபோது பாய் மகளுக்கு வாங்கி வந்தது. அந்தப் பெண் கல்யாணமாகிப் பேர்ணாம்பட்டுக்குப் போய்விட்டாள். பெட்டி பீரோவிலேயே கிடந்ததாம்.

"பந்து கொழந்தைங்களுக்குப்பா. நீ கார் ஓட்டு" என்று இவர் மடியில் வைத்தார்.

டிவியில் ஒரு சின்னக் கார் வரும். கையில் பிடிக்கிற பலகையில், காரைத் திருப்புவது இடது கட்டை விரல். காரை ஓட வைக்கிற பட்டன் வலது கட்டை விரலுக்கு. அதை அழுத்தாவிட்டால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் பத்து நாளும் அப்படித்தான் நின்றது. மற்ற கார்களெல்லாம் போய்விடும், இவருடையது மட்டும் கோட்டின் மேலேயே இருக்கும்.

"இன்னா தோஸ்த், வண்டி ஷெட்லயே நிக்குது? பெட்ரோல் போடலியா?" என்று பாய் தினமும் வந்து சீண்டுவார். இவர் முறைப்பார். முறைத்துவிட்டு அழுத்திப் பார்ப்பார். பந்துக்கு வராத ரோசம் காருக்கு வந்தது.

ஒரு நாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து "ஹோ" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கார் போய்க்கொண்டிருந்தது. நேராகப் போய்ச் சுவரில் இடித்து நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நோயில் விழுந்த பிறகு அவர் போட்ட முதல் சத்தம் அது. அடுத்த மாதம் பாகாயத்து அம்மா தன் விரலை நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது இவர் பிடித்தார். "பரவால்லியே, வலிக்குதே!" என்றார் அந்த அம்மா. கார் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன்.

இனி அந்தக் கேபிளைச் சொல்ல வேண்டும். பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் போகிற கேபிள். டிவி பக்கம் சாதாரண மஞ்சள் முனையும் வெள்ளை முனையும். பெட்டிப் பக்கம் அகலமான ஒரு மூக்கு, அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிக் கால்கள். பல வருஷம் பீரோவில் மடித்தே கிடந்ததால் அது மடிப்பு மடிப்பாக விறைத்துப் போயிருந்தது. கொஞ்சம் அசைந்தாலும் படம் நடுங்கும். இவருக்குக் கோபம் வரும்.

விறைத்துப்போன தோலுக்கு என்ன செய்வோம்? எண்ணெய் காட்டுவோம். எங்கள் ஊரில் இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். செருப்புக்குத் தடவ அவர் டேனரியிலிருந்து கொண்டு வந்த மீன் எண்ணெய் ஒரு பாட்டிலில் இருந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகுமுன், அவர் தூங்கும்போது, கேபிளைக் கழற்றித் துணியால் துடைத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எண்ணெய் தேய்த்தேன். மூக்குப் பக்கம் மடிகிற இடத்தில் நாலு சொட்டு அதிகமாகவே விட்டேன். பிறகு நிழலில் கொடியில் தொங்கவிட்டேன். சாயந்திரம் தொட்டுப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி வளைந்தது. எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் அதன் மேல்தோல் உப்பியது. பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. மூக்குக்குப் பக்கத்தில் வெடித்தது. ஒரு நாள் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவி கறுப்பாகிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். "பழசு இல்லியா, போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். என் எண்ணெயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த மாதம் பாகாயத்தில் விரலை நீட்டிய அம்மாவின் முகம் மாறியது. "போன தடவை இருந்த பிடி இல்லியே. வெளையாடறத நிறுத்திட்டாரா? விட்டுட்டா கை அப்படியே நின்னுடும்மா." அவரை அங்கேயே பயிற்சிக்கு விட்டுவிட்டு, பேப்பரில் சுற்றிய கேபிளோடு வேலூர் பஜாருக்கு டவுன் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்தவள், "யாரும்மா அது கருவாடு? ஜன்னலாண்ட வெச்சிக்கக் கூடாதா?" என்றாள். மடியில் இருந்த பொட்டலத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

கடைக்காரரிடம் அதுவரை நான் வாய் திறந்து விலை கேட்டதில்லை. அதெல்லாம் வீட்டுக்காரர் வேலை. முதல் கடையில் கேபிளைப் பார்த்துத் தலையை ஆட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கடையில் அதே மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். வெளியே வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒரு கால் குறைவு. அளவும் வேறு. திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது, ஒரு டிவி மெக்கானிக். மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது இங்க கெடைக்காதும்மா. மெட்ராஸ்ல சொல்லி வெச்சா வரும். ஆயிரத்துக்குக் கம்மியா குடுக்க மாட்டான்."

"அந்தப் பொட்டியே இப்போ முந்நூறுக்குப் போவுதாமே?"

"பொட்டி போவும். ஒயர் போவாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியாது. "சட்டையவிட பட்டன் ஜாஸ்தியா விக்கிற ஊர நான் பாத்ததில்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். "ஒக்காருங்கம்மா. பட்டன் எந்தக் கடையிலும் கெடைக்கும். இது அந்த ஒரு சட்டைக்குன்னே பண்ண பட்டன். உள்ள ஓடற கம்பி இன்னா வெல? ஒண்ணுமில்ல. இந்த மூக்குதான் வெல. இத அந்தக் கம்பெனி மட்டும்தான் பண்ணான். வேற மிஷினுக்குச் சேராத மாதிரியே பண்ணான். இப்ப அவன் நிறுத்திட்டான். பொட்டிய எல்லாரும் பீரோல வெச்சிப் பூட்டுவாங்க; ஒயர எலி கடிக்கும், தூக்கிப் போட்டுடுவாங்க. பொட்டி நெறைய, ஒயரு கொஞ்சம். இருக்கறவன் சொல்றதுதான் வெல."

"புதுசா யாராச்சும் பண்ணா இன்னா?"

"ஆயிரம் பேரு கேட்டா பண்ணுவான். நீங்க ஒருத்தருதானே கேக்கறீங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் அது மனதில் ஓடியது. வீடு வருவதற்குள் புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு மாடல் ஷூவுக்கு ஆர்டர் வந்தால் முதலில் டை அடிப்பார்கள். டை என்றால் இரும்புப் பட்டையை வளைத்துச் செய்த வெட்டு அச்சு. தோலின் மேல் வைத்து மிஷினில் அழுத்தினால் துண்டு வந்து விழும். ஆயிரக்கணக்கான ஜோடிக்கு அந்த ஒரு டை. அதனால் ஒரு ஜோடிக்கு டை செலவு தெரியவே தெரியாது. ஆர்டர் முடிந்தால் இரும்புக்கடைக்குப் போய்விடும். ஒரு முறை, முடிந்துபோன மாடலில் ஒரே ஒரு ஜோடி கெட்டுவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டார்கள். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு ஜோடிக்காக டை அடித்தால் அந்த ஜோடி தங்கச் செருப்பு விலை ஆகிவிடும். மெக்கானிக் என்னை ஏமாற்றவில்லை. அந்த மூக்கும் டை போன ஷூதான்.

ஆனால் அந்த ஒரு ஜோடியை நாங்கள் அனுப்பினோம் என்பதும் ஞாபகம் வந்தது. டை இல்லாமல், அந்த மாடலின் பழைய அட்டை அளவைத் தோலின் மேல் வைத்து, தோல் வெட்டுகிற கட்டர் கையாலேயே கத்தியால் வெட்டினார். நான் தைத்தேன்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுத் தனியாக வேலூர் போனேன். "மூக்கு வேணாங்க. மூக்கு இல்லாம கையாலயே ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்றேன்.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "பண்ணலாம். பொட்டியத் தொறந்து, சாதா ஒயர உள்ள நேரா ஈயம் வெச்சிப் பத்த வெச்சிடலாம். பக்கத்துல ஒரு ஓட்டை போடணும். அப்புறம் ஒயரக் கழட்டவே முடியாது, வாலு மாதிரி தொங்கும். பொட்டி உங்களுதுதானே?"

என்னுடையது இல்லையே.

பாய் வீட்டு வாசல் வரை மூன்று நாள் போய்த் திரும்பினேன். முதல் நாள் தயிர் வாங்க வந்த மாதிரி நடித்தேன். மூன்றாம் நாள் பாயின் சம்சாரம், அந்த அக்கா, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "இன்னாமா உன் பேஜாரு? சொல்லித் தொல" என்றார். சொன்னேன். மீன் எண்ணெயையும் சொன்னேன்.

"அரே! ஒயருக்கா எண்ண தடவுன?" அக்கா கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "தடவுனதுதான் தடவுன, மல்லிப்பூ எண்ணயாவது தடவக் கூடாதா!" பிறகு மகளுக்குப் போன் போட்டார். அந்தப் பெண் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னார்: "ஒரு ஓட்டை இன்னா, பத்து ஓட்டை போட்டுக்கட்டுமாம். அங்கிள் ஓட்டுனா போதுமாம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவருகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மொதல்ல அங்க சொல்லு, போ."

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகிடம்தான் சொன்னேன். "ஒயரு தானா போவலைங்க. நான்தான் எண்ண தடவிக் கெடுத்துட்டேன். பொய் சொல்லிட்டேன். உங்க கை போனா அது என்னாலதான்."

அவர் மெதுவாகத் திரும்பினார். வலது கையைத் தூக்க முயன்றார். பாதியில் நின்றது. மறுபடியும் தூக்கினார். கட்டை விரல் தன் மூக்கைத் தொட்டது. இழுத்திருந்த வாயால் "மீ... மீனு" என்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். சிரித்திருக்கிறார். முப்பது வருஷம் டேனரியில் இருந்த மனிதருக்கு அந்த வாசனை முதல் நாளே தெரியாமலா இருக்கும்? நான் எப்போது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தெரிஞ்சிக்கினே சொவத்தப் பாத்துக்கினு படுத்தீங்களா?" என்று அந்தக் கையிலேயே ஒரு அடி வைத்தேன்.

மெக்கானிக் ஓட்டை போட்டுப் பற்ற வைத்துக் கொடுத்தார். சாதா ஒயருக்கும் கூலிக்கும் கொஞ்சம்தான் வாங்கினார். பெட்டிக்கு வால் முளைத்தது. கார் ஓடியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டைக்கு அவரே பட்டன் போட்டுக்கொண்டார். அவர் போட்டு முடித்து நாங்கள் சர்ச்சுக்குப் போனபோது முதல் பாட்டே முடிந்திருந்தது. அதன் பிறகு அவர் இருந்தவரை ஒரு நாளும் நான் அவருக்குப் பட்டன் போட்டுவிட்டதில்லை.

பல வருஷம் கழித்துப் பாய் மகள் வந்தாள். அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாளாம். இப்போது இன்னும் விலையாம்; வெளிநாட்டில் பழைய பெட்டிகளைச் சேர்த்து வைக்கிறவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்களாம். வால் வைத்த பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று சிரித்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. மெக்கானிக்கிடமிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கிய அன்று அவரிடம் கேட்டேன், எண்ணெயால்தான் கெட்டதா என்று. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூக்குக்குள்ள கம்பி முன்னமே அறுந்துதான் இருந்திச்சு போல. எண்ண இல்லேன்னாலும் போயிருக்கும்" என்றார். நிஜமாகச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியவில்லை. மூக்கில் எத்தனை கால் என்பதும் எனக்கு இப்போது மறந்துவிட்டது. இதையெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சரி பார்த்துச் சொன்னால் நல்லது. கேபிள் துண்டு ஒன்றில் மீன் எண்ணெய் தடவி ஒரு மாதம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நானே செய்யலாம், அவர் கொண்டு வந்த பாட்டிலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. செய்யத்தான் கை வரவில்லை.